தூத்துக்குடி - கொழும்பு 267 கி.மீ... ஆனா, சென்னை சுத்திப் போனா 1,171 கி.மீ!

போனை எடுத்து, 'தூத்துக்குடி டு கொழும்பு ஃப்ளைட் டைம்' என்று தட்டிப் பாருங்கள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் கால்குலேட்டர்கள் இணையத்தில் ஏராளம். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும், கட்டுநாயக்கவில் இருக்கும் கொழும்பு விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 267 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம், 50 நிமிடம் போதும்.

கணக்கு சரிதான். ஆனால், அந்த வழியில் விமானம்தான் கிடையாது!

வாகைக்குளத்தில் விமானம் ஏறியே தீருவேன் என்று ஒருவர் நின்றால், முதலில் சென்னைக்குப் போக வேண்டும். அது 527 கி.மீ. அங்கிருந்து கொழும்புக்கு 644 கி.மீ. மொத்தம் 1,171 கி.மீ. அதாவது, நேர் தூரத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். தென்கிழக்கே இருக்கும் ஊருக்கு வடக்கே போய்த் திரும்பி வருகிற கதை.

'சரி, அதனால் என்ன... சுற்றிப்போனால் போச்சு' என்று டூர் போகிறவர் சொல்லலாம். எல்லோரும் டூருக்குப் போவதில்லை.

விடிகாலையில் ஒரு போன்

மேலப்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரை மணி. கொழும்பிலிருந்து போன். "மாமா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்." போனை வைப்பதற்கு முன்பே இங்கிருப்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: போய்ச் சேர முடியுமா? மூன்றரை, நாலு மணிக்குள் அடக்கம் என்றால் கையில் இருப்பது சுமார் பத்து மணி நேரம்.

பாளையங்கோட்டையிலோ, அம்பாசமுத்திரத்திலோ இருக்கும் ஒருவருக்கும் இதே கேள்வி வரும். அங்கே "எப்ப எடுக்காங்க?" என்று கேட்பார்கள், "நாளைக்கு" என்று பதில் வரலாம், ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கலாம். இஸ்லாமியக் குடும்பங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் இல்லை. அதனால் இவர்களுக்கு 267-க்கும் 1,171-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் எண் இல்லை. முகம் பார்ப்பதா, பார்க்காமலே போவதா என்பது.

நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம்.

சென்னை வழி: வீட்டிலிருந்து வாகைக்குளம் முக்கால் மணி நேரம். விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். சென்னைக்குப் பறக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு முனையத்தில் இறங்கி, பன்னாட்டு முனையத்துக்குப் போய், குடியுரிமைச் சோதனை முடித்து, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க எப்படியும் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். கொழும்புக்குப் பறக்க ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே இறங்கி வெளியே வர ஒரு மணி, கட்டுநாயக்கவிலிருந்து நகருக்குள் போக ஒரு மணி. பதினோரு மணி நேரத்தைத் தொட்டுவிடும். அடக்கம் முடிந்திருக்கும்.

மதுரை வழி: நெல்லையிலிருந்து கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நான்குவழிச் சாலையில் சுமார் 150 கி.மீ. இரண்டே முக்கால் மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக. பறக்கும் நேரம் ஒரு மணி. அங்கே இரண்டு மணி. மொத்தம் எட்டே முக்கால். ஐந்தரைக்குப் போன் வந்து, ஆறு மணிக்கு வண்டி எடுத்தால், இரண்டே முக்காலுக்குக் கொழும்பில் வீட்டு வாசலில் நிற்கலாம். அதுவும் விமானம் மிகச் சரியாக அந்த நேரத்தில் கிளம்பினால் மட்டும்.

திருவனந்தபுரம் வழி: இதுவும் சாலைத் தூரத்தில் மதுரைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் நான்கு மணி நேரம் எளிதாகப் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரை - கொழும்பு வான்தூரம் சுமார் 353 கி.மீ. திருவனந்தபுரம் - கொழும்பு சுமார் 357 கி.மீ. வித்தியாசம் நான்கே கிலோமீட்டர்! வானத்தில் இரண்டும் சமம். எது பக்கம் என்பதை முடிவு செய்வது மார்த்தாண்டம் டிராஃபிக்.

ஒரு மணி நேரப் பறப்பு, எட்டு மணி நேரப் பயணம்

மேலே இருக்கும் கணக்கை இன்னொரு முறை பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். எட்டே முக்கால் மணி நேரத்தில் விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் சாலை, வரிசை, காத்திருப்பு.

வாகைக்குளத்திலிருந்தே கொழும்புக்கு நேர் விமானம் வந்தால்? முக்கால் மணி சாலை, மூன்று மணி காத்திருப்பு, 50 நிமிடம் பறப்பு, அங்கே இரண்டு மணி. ஆறரை மணி நேரம். மதுரை வழியோடு ஒப்பிட்டால் மிச்சமாவது இரண்டே கால் மணி நேரம். 'நேர் விமானம் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு' என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு இது.

கால்குலேட்டர் சொல்லும் நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் அவை செய்வது எளிய வேலை. உலக உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் மிகக் குறைந்த தூரத்தை அளந்து, அதை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்ப்பது. உண்மையில் விமானம் தனக்கென ஒதுக்கப்பட்ட வான்பாதையில் போகும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பார்த்து ஓடுபாதையின் ஒரு முனையைத் தேர்ந்தெடுத்து, சுற்றி வந்து இறங்கும். நீண்ட பயணத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. 267 கி.மீ. பயணத்தில் விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான்.

எரிபொருள் அதிகம் கரைவதும் ஏறும்போதுதான். அதனால்தான் தூரம் பாதியானால் டிக்கெட் விலையும் பாதியாவதில்லை. விமான நிலையக் கட்டணமும் ஊழியர் செலவும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. பக்கத்து நாடுதானே என்று நினைத்து, டிக்கெட் விலையைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

பாட்டன் காலத்தில் ஒரே ராத்திரி

இந்த 267 கி.மீ. ஒரு காலத்தில் நெல்லைக்காரர்களுக்குப் பழகிய வழி. வான்வழி அல்ல, கடல்வழி.

1870-களில் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மணியாச்சியில் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, கொழும்புக் கப்பலைப் பிடிப்பார்கள். கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். படகில் போய் ஏற வேண்டும். சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டிப் போனவர்களுக்கு இந்த வழி அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. நோய்ச் சோதனை, முகாம் வாசம் எல்லாம் முடிந்துதான் கப்பல். வியாபாரிகளுக்கு அது ஓர் இரவுப் பயணம்.

அந்தக் கடல்வழியை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில் வைத்திருந்தபோதுதான், ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. உடனே தொடங்கியது கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது, கடைசியில் அவர்கள் இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் தந்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. தூத்துக்குடி - கொழும்பு வழிக்காகத் தொடங்கிய கம்பெனியின் கதை, நெல்லை வீதியில் ரத்தமாக முடிந்தது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் 'போட் மெயில்' வழி பிரபலமானது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 30-ல், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்பது அதன் கணக்கு. புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. தாயகம் திரும்பியவர்களில் பலர் வந்திறங்கியது அதில்தான். 1980-களில் அதுவும் நின்றது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்களுக்கு, விமானம் ஒன்றே வழி என்றானது.

2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் மறுபடி வந்தது. 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. சுமார் 150 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால், கிட்டத்தட்ட 280 கி.மீ. வான்தூரத்துக்கும் கடல்தூரத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லாத அபூர்வமான வழி இது. நடுவே நிலம் குறுக்கிடவில்லை, மன்னார் வளைகுடா மட்டும்தான். பாட்டன் காலத்தைப்போலவே மாலையில் ஏறி, காலையில் இறங்கலாம். சில மாதங்கள்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. இலங்கையின் பழைய பெயர் 'தம்பபண்ணி'. கிரேக்கர்கள் 'தப்ரபேன்' என்றார்கள். பொதிகையில் பிறந்து நெல்லையைக் கடந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆற்றின் பெயர் தாமிரபரணி. ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர்! யார் யாருக்குக் கொடுத்தது என்ற விவாதத்தை அறிஞர்களிடம் விட்டுவிடலாம். இன்னொன்று, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க, நீர்கொழும்புக்குப் பக்கம். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து போய்க் குடியேறிய பரதவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் ஊர் அது.

ஓடுபாதை நீண்டது... அப்புறம்?

வாகைக்குளத்தில் முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான். சிறகில் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். ரக விமானங்களே இறங்க முடிந்தது. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். செலவு சுமார் 450 கோடி ரூபாய். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் அளவு. ஏர்பஸ், போயிங் இறங்கத் தடையில்லை.

அப்படியானால் கொழும்பு விமானம் ஏன் வரவில்லை? ஓடுபாதை ஒரு காரணம் மட்டும்தான். வெளிநாட்டு விமானம் வேண்டுமென்றால் சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான விமான ஒப்பந்தத்தில் அந்த ஊரின் பெயர் இடம்பெற வேண்டும். பெயர் இல்லாத ஊருக்கு வெளிநாட்டு நிறுவனம் வர முடியாது. இந்திய நிறுவனங்கள் பறக்கலாம், ஆனால் அவற்றுக்கு மனசு வர வேண்டும். துபாய், சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்களை அழைத்து வர மதுரைக்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவது இந்த ஒப்பந்தப் பட்டியலில் இடம்பிடிக்கத்தான். கொழும்பு விஷயத்தில் மதுரைக்கு அதிர்ஷ்டம். 2012-லேயே விமானம் வந்துவிட்டது.

ஓடுபாதை நீளத்தைவிட மனசுதான் முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. பலாலியில் இன்றும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள்தான். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, அந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. போர்க் காலம் எல்லாவற்றையும் மூடியது. 2019 நவம்பரில் சென்னை - யாழ்ப்பாணம் மீண்டும் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்பியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சி - யாழ்ப்பாணமும் சேர்ந்துகொண்டது. சுமார் 185 கி.மீ. தூரம்! அதற்கு முன்பு திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக சென்னையையோ, கொழும்பையோ சுற்ற வேண்டியிருந்தது. அதே ஏ.டி.ஆர். விமானம் வாகைக்குளத்தில் பல ஆண்டுகளாகத் தினமும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கொழும்புக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

கடிகாரத்தில் இருக்கும் பொறி

கொழும்புக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996-ல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது. 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் டிக்கெட்டைப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிட்டவர்கள் குழம்பியிருப்பார்கள்.

அதே குழப்பம் இன்று வளைகுடா டிக்கெட்டில். திருவனந்தபுரம் - துபாய் சுமார் 2,950 கி.மீ., ஏறக்குறைய நான்கு மணி நேரம். காலை 4 மணிக்குக் கிளம்பினால் டிக்கெட்டில் 6.30-க்குத் துபாய் என்று இருக்கும். 'இரண்டரை மணி நேரம்தானா!' என்று ஆச்சர்யப்பட வேண்டாம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். திரும்பும்போது இரவு 10-க்குக் கிளம்பி, மறுநாள் அதிகாலை 3.30-க்கு இறங்குவதாக இருக்கும். அது ஐந்தரை மணி நேரம் அல்ல, அதே நான்குதான்.

இதைவிட மோசமானது நள்ளிரவுத் தேதி. டிக்கெட்டில் 15-ம் தேதி 00.30 என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி மத்தியானம் அல்லது சாயங்காலம். நெல்லையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான்கு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் என்றால் மாலை ஐந்தரைக்கு வண்டி எடுத்திருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி வழியனுப்பக் கூட்டமாக வேனில் போய், நேற்றே போய்விட்ட விமானத்தை விசாரிக்கிற சம்பவங்கள் தென்மாவட்டங்களுக்குப் புதிதல்ல.

மேலப்பாளையத்து வீட்டுக்குத் திரும்பலாம். மணி ஆறு ஆகப்போகிறது. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, காலாவதி ஆகவில்லை. இலங்கைக்கான ஆன்லைன் அனுமதியைப் போனிலேயே விண்ணப்பிக்க வேண்டும், அது எப்போது வரும் என்பது தனி. இப்போது அவர் தேட வேண்டியது 'எத்தனை கிலோமீட்டர்' என்பதையல்ல, 'இன்னிக்கு மதுரையில கொழும்பு ஃப்ளைட் எத்தனை மணிக்கு' என்பதைத்தான். ஒன்பதுக்கு என்றால் எட்டவே எட்டாது, கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பதினொன்று, பன்னிரண்டு என்றால் வாய்ப்பு இருக்கிறது. பிற்பகல் என்றால் அடக்கம் முடிந்த பிறகு கபுருஸ்தானுக்குத்தான் போக முடியும்.

டாக்ஸி டிரைவர் வாசலில் வந்து நிற்கிறார். "எங்க அண்ணாச்சி, வாகைக்குளமா?"

"இல்ல தம்பி, மதுரைக்கு விடுங்க."